நாலாவது பூங்காவின் முத்திரை

சீல்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். மாடிப்படிக்கு அடியில் மீந்துபோன முக்கோணத்தில் ஒரு மேசை, கழுத்து வளையும் விளக்கு, சீலுக்கான தகட்டை ஒளியில் வைத்து இறுகவைக்கும் சின்னப் பெட்டி, மரக்கைப்பிடிகள் போட்டுவைத்த பிஸ்கட் டப்பாக்கள் நான்கு. கடை அவ்வளவுதான். உள்ளே போகும்போது தலையைக் குனியாதவர்கள் வெளியே வரும்போது தடவிக்கொண்டு வருவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ள தலைமையாசிரியர்கள், டாக்டர்கள், சங்கச் செயலாளர்கள் எல்லோருடைய அதிகாரமும் அந்த முக்கோணத்தில்தான் பிறந்தது. பெற்றெடுத்தவருக்கு அதில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வந்ததில்லை.

ஆனால் கொள்கை இருந்தது. அலுவலகக் கடிதம் இல்லாமல் யாருக்கும் சீல் செய்து தரமாட்டார். “லீவுக்கு ஒரு டாக்டர் சீல் வேணும், தேஞ்ச மாதிரி இருந்தாக்கூடப் போதும்” என்று வருகிறவனை ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடலாம். அவர் அப்படி அனுப்புவதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைப்பார்.

“காகிதத்துக்கு வாய் கிடையாதுங்க. அதுக்காக ஒரு மனுஷன் குடுக்கற வாக்குதான் சீல். நான் இன்னிக்கு உங்களுக்குப் பொய்யா ஒண்ணு செஞ்சு குடுத்தா, நாளைக்கு என் பொண்ணு கையில இருக்கற நிஜ சர்ட்டிஃபிகேட்டையும் ஒருத்தன் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பான். பார்ப்பானா, மாட்டானா?”

வந்தவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்ப்பான். பொய் சீல் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் மின்விசிறியைத்தான் பார்ப்பார்கள் என்பது சீல்காரரின் அனுபவ முடிவு. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தலையை நீட்டி, “இன்னிக்கு ரெண்டாவது ஷோவா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்.

தொழிலில் அவருக்கு ஒரு ரகசியமும் உண்டு. அவர் செய்யும் ஒவ்வொரு சீலிலும், வட்ட விளிம்பில், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும். அச்சில் அது தூசி பட்ட மாதிரித்தான் தெரியும். என்றைக்காவது எவனாவது ஒரு பொய் சீலைக் கொண்டுவந்து ‘இது உன் வேலைதானே’ என்று கேட்டால் ஏழு மணியைக் காட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்த பழக்கம். அப்படி யாரும் கேட்டதில்லை. வெட்டு மட்டும் தொடர்ந்தது. விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவர், அவர் மனைவி, மகள்.

மகளுக்கு எட்டு வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பழைய அச்சுத்தாள்களில் ஏழு மணியைத் தேடுவது அவள் விளையாட்டு. எதையும் நியாயம் பார்த்துப் பேசுகிறவள் என்பதால் வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். நாலரை வயதுத் தம்பிக்கு வாண்டு. அவனுக்கு நியாயம் என்றால் பெரிய துண்டு தனக்கு வருவது.

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் முப்பது பிள்ளைகளை, அழுகிறதையும் அடித்துக்கொள்கிறதையும் வாந்தி எடுக்கிறதையும் சேர்த்து ஏற்றி, சந்து பொந்தெல்லாம் புகுந்து, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்ப்பார். பதினோரு வருடத்தில் கண்ணாடியில் ஒரு விரிசல்கூட விழுந்ததில்லை. ஆனால் குடும்பமாக எங்காவது கிளம்பினால் ஸ்டியரிங் சீல்காரர் கையில்தான். இது எங்கும் எழுதப்படாத சட்டம். சீல் வைக்காத சட்டமும்கூட. அதனாலோ என்னவோ அவருக்கு அதில் அத்தனை பிடிப்பு.

அந்த வருட விடுமுறையில் மச்சானின் காரை வாங்கிக்கொண்டு மலைப் பக்கம் போனார்கள். ஆறு நாள், ஐந்து தேசியப் பூங்காக்கள். யோசனை ஜட்ஜம்மாவுடையது. பிள்ளைகளுக்கென்று வனத்துறை ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தது. பக்கத்துக்கு ஒரு பூங்கா, பக்கத்துக்கு ஒரு விலங்கின் பெயர், கீழே காலி இடம். பூங்காவுக்குப் போனால் வாசல் கொட்டகையில் அந்த விலங்கின் முத்திரையைக் குத்தித் தருவார்கள். ஐந்தையும் சேர்த்தால், ஐந்தாவது பூங்காவில் மணி அடித்து, சட்டையில் தகர பேட்ஜ் குத்திவிடுவார்கள். பள்ளியில் ஒருத்தி அந்த பேட்ஜைப் போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து ஜட்ஜம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

முதல் பூங்கா கரடி. சீல்காரர் முத்திரையைத்தான் முதலில் பார்த்தார், காட்டை அப்புறம். கரடிக்கு ஒரு காது போயிருந்தது. “ரப்பர் செத்துப்போச்சு. ஆறு வருஷமா மாத்தல போல” என்று முணுமுணுத்தார். “லீவுலயும் கடையத் திறந்து வச்சிருக்கீங்களே” என்றார் மனைவி. அதில் உண்மை இருந்தது. பல் டாக்டர் கல்யாண வீட்டிலும் அடுத்தவர் பல்லைப் பார்ப்பதுபோல, சீல்காரர் எங்கே போனாலும் சட்டைப்பையில் உள்ளங்கை அளவு ஊதா மைப்பெட்டி ஒன்றும் கூடவே போகும்.

இரண்டாவது பூங்கா கழுகு. அங்கே போய்ச் சேர்ந்தபோது வாண்டு காரில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கொட்டகையில் இருந்தவர் தாராள மனசுக்காரர். “தம்பி புக்கையும் குடும்மா, குத்திடறேன்” என்றார்.

ஜட்ஜம்மா புத்தகத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “அவன் இன்னும் பார்க்கல.”

“அதனால என்ன, வந்துட்டான்ல.”

“பார்த்தாத்தான் சீல்.”

அப்பா சிரித்தார். பெருமையும் பட்டார். அவரே போய் வாண்டுவைத் தோளில் தூக்கிவந்து, இமையை விரலால் விலக்கி, எதிரே இருந்த மலையைக் காட்டினார். வாண்டு ஒரு கணம் மலையையும் அதைவிட அதிக நேரம் ஓர் அணிலையும் பார்த்துவிட்டு மறுபடி தூங்கினான். முத்திரை விழுந்தது. “பிரசங்கம் பண்றவர் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்” என்றார் மனைவி. அந்தப் பேச்சு பிற்பாடு எத்தனை முறை தன் காதில் திரும்பி வரப்போகிறது என்று சீல்காரருக்கு அப்போது தெரியாது.

மூன்றாவது நரி. அதுவும் ஆயிற்று. நான்காவது பூங்காவின் விலங்கு மலை ஆடு. விலங்குக்கு ஏற்ற இடம்தான், உச்சியில் இருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு பலகை. மேலே பத்தொன்பது கிலோமீட்டர், முப்பத்தாறு வளைவுகள், முதல் கியரில் செல்லவும். மதியச் சாப்பாடு முடிந்த நேரம், பின்சீட்டில் பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். சீல்காரர் முதல் மூன்று வளைவுகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார். நான்காவது வளைவில் எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. அதற்கு வழிவிட இவர்தான் பின்னால் போகவேண்டும். போனார். பின்சக்கரம் சரளையில் ஏறியது. இரண்டு கற்கள் விளிம்பைத் தாண்டிப் போயின. அவை கீழே விழும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். வரவில்லை.

பஸ் போய்விட்டது. அவர் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

“நான் எடுக்கறேங்க. இறங்கி இந்தப் பக்கம் வாங்க” என்றார் மனைவி, மெதுவாக.

“வேண்டாம்.”

“தினம் இதவிடப் பெருசத்தான் ஓட்டறேன்.”

“அது தரை. இது மலை.”

“வண்டிக்கு அது தெரியுமா?”

“பசங்க முழிச்சுக்குவாங்க. பேசாம இரு.”

மனைவி பேசாமல் இருந்தார். முப்பது பிள்ளைகளுக்கு நடுவே நாளெல்லாம் கத்துகிறவர் என்பதால் அவருடைய மௌனம் வீட்டில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்கும். சீல்காரர் அகலமான இடமாகப் பார்த்துக் காரைத் திருப்பினார். ஏறின நாலு வளைவையும் இறங்கினார். பயம் இறக்கத்தில் குறைந்தது. வெட்கம் குறையவில்லை, அடிவாரத்தில் இருந்த விடுதி வாசலில் காரை நிறுத்தியபோது அது பயத்தைவிடப் பெரிதாக வளர்ந்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

“வந்தாச்சாப்பா?” என்று ஜட்ஜம்மா கண்ணைத் தேய்த்தாள்.

“மேல பாறை விழுந்திருக்காம். ரோட்ட மூடிட்டாங்களாம்” என்றார். யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஜட்ஜம்மா அழுதிருந்தால் சமாளித்திருப்பார். சண்டை போட்டிருந்தால் அதட்டித் தப்பித்திருப்பார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, புத்தகத்தின் நாலாவது பக்கத்தைத் திறந்து, காலி இடத்தை விரலால் ஒரு முறை சுற்றிவிட்டு மூடினாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, “பரவால்லப்பா. ரோட்ட மூடினா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

இந்த ஆறுதல்தான் சீல்காரரைக் கெடுத்தது.

பிள்ளைகள் குளிக்கப் போனார்கள். அவர் இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, “கீழ செக்போஸ்ட்ல ஆள் இருப்பாங்க, கேட்டுப் பார்க்கறேன்” என்று கிளம்பினார். வழியில் ஜட்ஜம்மாவின் பென்சில் பெட்டியிலிருந்து புது வெள்ளை ரப்பரும், தன் சவரப் பெட்டியிலிருந்து ஒரு பிளேடும் அவரோடு சேர்ந்துகொண்டன. செக்போஸ்ட் வரை போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. விடுதிக்குப் பின்னால், துணி துவைக்கும் அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். அவருக்கு அந்த நாற்பது நிமிடமும் சந்தோஷமாக இருந்தது. தொழில் கற்ற காலத்தில் கையால் செதுக்கியதோடு சரி. அப்புறம் எல்லாம் பெட்டியும் ஒளியும்தான். ஆட்டின் கொம்பு இடமிருந்து வலமாக வளையவேண்டும் என்றால் ரப்பரில் வலமிருந்து இடமாக. அவருக்கு உலகத்தைத் தலைகீழாகப் படித்தே பழக்கம். தாடிக்கு மூன்று கீறல். பாறைமேல் ஊன்றிய குளம்பு. சுற்றி ஒரு வளையம். மற்ற மூன்று பூங்காக்களின் முத்திரையும் இதன் கால்தூசிக்கு ஆகாது. மைப்பெட்டியைத் திறந்து இரண்டு புத்தகத்திலும் குத்தினார். ஆடு அப்படியே நின்றது. எழுந்தபோதுதான் தான் செய்தது என்ன என்று உறைத்தது. இருபத்திரண்டு வருடப் பிரசங்கமும் அந்த வாளியைச் சுற்றி நின்று அவரைப் பார்த்தது. ரப்பரைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. நல்ல வேலை. பையில் போட்டுக்கொண்டார்.

“சீல் வாங்கிட்டீங்களா?” ஜட்ஜம்மா ஈரத்தலையோடு ஓடிவந்தாள். ஆட்டைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் யோசித்தாள். “பார்க்காமலே எப்படிக் குடுத்தாரு?”

“ரோடு மூடியிருக்குல்ல. அதனால ஸ்பெஷலா.”

“யாரு குடுத்தது?”

“செக்போஸ்ட்காரர். மீசை வச்சிருந்தார்.” கேட்காத மீசை. பொய்க்குக் கைகால் போதாது என்று மீசையும் வைக்கத் தோன்றுகிறது மனிதனுக்கு.

அவள் புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அவருடைய வலது கட்டைவிரலைப் பார்த்தார். ஊதா. “சோப்புப் போட்டுக் கழுவுங்க” என்றார். சீல்காரர் போய்க் கழுவினார். அவர் விற்கிற மை நல்ல மை. எளிதில் போகாது என்று வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்வார்.

மறுநாள் ஐந்தாவது பூங்காவுக்குப் போகும் வழி முழுக்கச் சமவெளி. இருபுறமும் புல்வெளி, நடுவே நேரான சாலை. சீல்காரர் அபாரமாக ஓட்டினார். பின்சீட்டில் ஜட்ஜம்மா பென்சில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, என் ரப்பரைக் காணோம். புதுசு.”

“ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்” என்றார் சீல்காரர், அவசரமாக.

“நான் எடுக்கல. நான் எடுத்தா தின்னுருப்பேன்” என்றான் வாண்டு.

ஜட்ஜம்மா பென்சில்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள். பிறகு கேட்டாள். “அப்பா, நீங்க செய்யற சீல்ல அந்த வெட்டு வைப்பீங்கல்ல. எப்பவாச்சும் மறந்து வைக்காம விட்டிருக்கீங்களா?”

“ஒரு தடவகூட இல்ல. நான் நெனைக்கவே வேண்டாம், கை தானா வச்சிடும்” என்றார் அப்பா, பெருமையாக.

“ம்” என்றாள் அவள். மனைவி திரும்பி மகளைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். நேரான சாலையில் அப்படிப் பார்க்க எதுவும் இருக்கவில்லை.

ஐந்தாவது பூங்காவின் கொட்டகை பெரியது. கூரை விட்டத்தில் பித்தளை மணி. மேசைக்குப் பின்னால் நரைத்த தலையும் தடித்த ஸ்வெட்டருமாக ஒரு வனக்காவலர் அம்மாள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முத்திரைகளை எண்ணுவதோடு விடமாட்டார். ஒவ்வொரு பூங்காவிலும் பார்த்ததில் ஒன்றைச் சொல்லச் சொல்வார்.

வாண்டு முந்திக்கொண்டான். “கரடி பார்க்ல அணில் பார்த்தேன். கழுகு பார்க்ல அணில் பார்த்தேன். நரி பார்க்ல பெரிய அணில். ஆடு பார்க்லயும் அணில்.”

“இங்க?”

“இனிமேதான் பார்க்கணும். அணிலு.”

வரிசையே சிரித்தது. அந்த அம்மாள் மணிக்கயிற்றை இழுத்தார். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். வாண்டுவின் சட்டையில் பேட்ஜ் ஏறியது. அவன் அதைக் குனிந்து பார்த்த வேகத்தில் மோவாய் நெஞ்சில் இடித்தது.

“இப்போ அக்கா. சொல்லு கண்ணு.”

ஜட்ஜம்மா புத்தகத்தைத் திறந்தாள். “கரடி பார்க்ல ஒரு மரத்துல நகத்தால கீறி வச்சிருந்துச்சு. கழுகு பார்க்ல நிழல் ஓடறதப் பார்த்தோம், மேல பார்க்கறதுக்குள்ள போயிடுச்சு. நரி பார்க்ல வாலு மட்டும்.” நாலாவது பக்கம் வந்தது. அவளுடைய ஆள்காட்டி விரல் முத்திரையின் வளையத்தில் போய் நின்றது. கீழே, இடது பக்கம், ஏழு மணியில்.

மேசையோரம் நின்ற சீல்காரர் அதைப் பார்த்தார். முடி அளவு வெட்டு. கை தானாக வைத்தது.

நேற்று ஜன்னலோரம் நின்றபோதே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது தெரிந்திருக்கிறது. காரில் கேட்டது சந்தேகத்தால் இல்லை. மறுக்க அவருக்கு ஒரு வழி கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அவர் பெருமையோடு அந்த வழியை அடைத்துவிட்டார்.

“நாலாவதுல என்ன பார்த்தே?” என்றார் அந்த அம்மாள்.

ஜட்ஜம்மா உள்ளங்கையால் பக்கத்தை மூடிக்கொண்டாள். “அத நான் பார்க்கல. இதக் கணக்குல சேர்க்காதீங்க.”

“ஏன், சீல் இருக்கே?”

“ரோடு மூடியிருந்துச்சு.”

“மூடலையே. நேத்துகூட நாலு பஸ் போச்சு மேல.”

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அப்போ எங்கப்பாகிட்ட யாரோ தப்பா சொல்லியிருப்பாங்க.”

எட்டு வருடத்தில் அவள் சொல்லிக் கேட்ட முதல் பொய். அதையும் தனக்காகச் சொல்லவில்லை. நன்றாகவும் சொல்லத் தெரியவில்லை, காது சிவந்துவிட்டது. சீல்காரரின் கண்கள் தாமாக மேலே போயின. மின்விசிறியைத் தேடுகின்றன என்று அவருக்கே புரிந்தது. அங்கே மின்விசிறி இல்லை. மணிதான் இருந்தது, வாண்டுவுக்கு அடித்த ஆட்டம் இன்னும் அடங்காமல்.

“யாரும் தப்பா சொல்லல. நான்தான் சொன்னேன். ரோடு திறந்துதான் இருந்துச்சு” என்றார். பையிலிருந்து ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். “சீலும் நான் செஞ்சது.”

வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த அம்மாள் ரப்பரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்களே” என்றார், உண்மையாகவே. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலையை யாரும் அப்படி வாய்விட்டுப் பாராட்டியதில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“அது என் ரப்பர்” என்றாள் ஜட்ஜம்மா.

“ஆமா.”

“ஏன் மேல போகல?”

“பயந்துட்டேன். வண்டிய ஓட்ட முடியல.”

“அத சொல்லியிருக்கலாம்லப்பா. அம்மா ஓட்டியிருப்பாங்களே.”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற மனைவிக்குச் சொல்லத் தேவையும் இல்லாத பதில்.

“சின்னவனுக்குக் குத்தினது இருக்கட்டும், விடுங்க” என்றார் வனக்காவலர் அம்மாள். சீல்காரர் நன்றியோடு தலையாட்டப் போனார். ஜட்ஜம்மா தம்பியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல நினைத்தாள், வாண்டுவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பார்த்தாத்தான் சீல் என்று சொன்னவள், அப்பா செய்த காரியத்தால் இப்போது அதையும் சொல்ல முடியாமல் நிற்கிறாள். சீல்காரர் தரையில் மண்டியிட்டார்.

“வாண்டு, இத அப்பா எடுக்கறேன்டா.”

“ஏன்?”

“நாம ஆடு பார்க்குக்குப் போகவே இல்ல.”

“நான் அணில் பார்த்தேனே.”

“அது வேற பார்க் அணில்டா.”

ஊசியைக் கழற்ற அவர் விரலுக்கு வெகுநேரம் பிடித்தது. அப்புறம் எழுந்த அழுகைக்கு வெளியே மரத்தில் இருந்த பறவைகள் கிளம்பிப் போயின. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் இந்த மனிதரிடமிருந்து தங்கள் புத்தகங்களைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள்.

“தப்பான சீலை எப்படி எடுக்கறது?” என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

“எடுக்க முடியாது. குறுக்க ரெண்டு கோடு போட்டு, ரத்துன்னு எழுதி, யார் போட்டாங்களோ அவங்க கையெழுத்துப் போடணும்.”

அவள் பேனாவை நீட்டினாள். அவர் இரண்டு புத்தகத்திலும் ஆட்டின் குறுக்கே கோடு போட்டார். கொம்பின்மேல் பேனா போகும்போது கை ஒரு கணம் நின்றது. கோணல் புத்தி, அந்த நேரத்திலும் அந்தக் கொம்பு நன்றாக வந்திருந்தது அவர் கண்ணில் பட்டது. கையெழுத்துப் போட்டார்.

காருக்கு வந்ததும் சாவியை மனைவியிடம் நீட்டினார். “ஓட்டறியா?”

“நேத்தே கேட்டிருக்கணும் நீங்க” என்று வாங்கிக்கொண்டார் மனைவி. பிறகு சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, பின்னால் திரும்பி, வேனில் கேட்கிற அதே குரலில் கேட்டார்: “எல்லாரும் பெல்ட் போட்டாச்சா? யாருக்காவது ஒண்ணுக்கு வருதா? இப்பவே சொல்லிடணும்.”

“இல்ல” என்றார்கள் மூன்று பேரும்.

மறுநாள் காலை அந்த முப்பத்தாறு வளைவும் ஏறினார்கள். மனைவி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு முறை ஹாரன் அடித்தார், பள்ளி வாசலில் அடிப்பதுபோல. ஒன்பதாவது வளைவில் ஒரு லாரிக்காக நாற்பது அடி பின்னால் போனார். போகும்போதே, “வாண்டு, விரலை மூக்கிலிருந்து எடு” என்றும் சொன்னார். சீல்காரர் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“அப்பா, கண்ணத் திறங்க” என்றாள் ஜட்ஜம்மா.

“முடியலம்மா.”

அவள் வற்புறுத்தவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது, அவள் பிடித்தது பயந்தவர் கையை. வேனில் பக்கத்துப் பிள்ளை அழுதால் அதன் கையையும் அவள் அப்படித்தான் பிடிப்பாள்.

மேலே உண்மையான மலை ஆடுகள் இருந்தன. தூரத்துப் பாறையில் ஏழு, அசையாமல். பிள்ளைகள் இருவரும் பார்த்தார்கள். அணிலும் இருந்தது. கொட்டகையில் ஒரு காவலர், மீசை இல்லாதவர், முத்திரையைக் குத்தினார். கைப்பிடி ஆடியது, ரப்பர் தேய்ந்திருந்தது, மை காய்ந்திருந்தது. ஆட்டுக்கு மூன்று கால்தான் வந்தது. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காய். வளையம் பாதியில் நின்றுபோயிற்று. ரத்தான ஆட்டின் பக்கத்தில் அது, குதிரைக்குப் பக்கத்தில் கழுதை மாதிரி இருந்தது. ஜட்ஜம்மா அதை ஊதி ஊதிக் காயவைத்தாள்.

“இங்க பேட்ஜ் குடுப்பீங்களா?” என்று கேட்டான் வாண்டு.

“அது கடைசி பார்க்லதான் தம்பி.”

கடைசிப் பூங்கா அரை நாள் தூரம். விடுமுறை அன்றோடு சரி. மறுநாள் மனைவியின் வேனுக்காக முப்பது பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். கார் ஊரைப் பார்த்துத் திரும்பியது, பேட்ஜ் இல்லாமல்.

இதெல்லாம் போன வருடம் நடந்தது. கடை அதே முக்கோணத்தில்தான் இருக்கிறது. அலுவலகக் கடிதம் இல்லாமல் இப்போதும் சீல் கிடையாது. ஆனால் பிரசங்கம் நின்றுவிட்டது. ஆரம்பத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் தலையை நீட்டி, “என்ன, இன்னிக்கு ஷோ இல்லையா?” என்று கேட்டுப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். பொய் சீல் கேட்டு வருகிறவன் மின்விசிறியைப் பார்க்கிறான். சீல்காரரும் அவனோடு சேர்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறார். பிறகு, “இல்லைங்க, முடியாது” என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்.

புத்தகம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாலாவது பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டலாம் என்று ஒரு நாள் அவரே மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “வேண்டாம்பா, ரெண்டும் இருக்கட்டும்” என்றுவிட்டாள் ஜட்ஜம்மா. கோபமாகச் சொல்லவில்லை.

விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வாண்டுதான். வாரத்துக்கு ஒரு முறை கடைக்கு வந்து, மேசைமேல் மோவாயை வைத்துக்கொண்டு, பிஸ்கட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் பேட்ஜ் அழுத்தும் சின்ன இயந்திரத்தைப் பார்க்கிறான்.

“அப்பா, பேட்ஜ் நீங்களே செஞ்சு குடுத்துடுங்களேன். அஞ்சு நிமிஷம்தான்.”

“அது மட்டும் முடியாதுடா.”

“யாருக்கும் தெரியாது.”

“தெரியும்டா. அடுத்த லீவுக்கு மறுபடி போவோம். அஞ்சு பார்க்கும், மொதல்லேர்ந்து.”

வாண்டு யோசித்தான். “யாரு ஓட்டுவா?”

“அம்மா.”

“அப்போ சரி” என்றான் அவன், நிம்மதியாக.